தோர்ணக்கல்லுக்குப் போனது யார் காசு?

தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் சீக்கிரமே அந்த வாக்கியம் வந்து விழுந்துவிடும்: வெள்ளைக்காரன் வந்தான், காசு கொடுத்தான், மதம் மாற்றினான். தொலைக்காட்சி விவாதங்களில் இதைக் குற்றச்சாட்டாகச் சொல்கிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நின்று பேசுகிறவர்கள் இதையே நன்றியாகச் சொல்கிறார்கள். ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் அந்தத் தியாகிகள் வந்திராவிட்டால் நம் கதி என்னவாகியிருக்கும் என்று உருகுகிறார்கள். திட்டுகிறவரும் உருகுகிறவரும் நம்புவது ஒரே கதையைத்தான். ஒரு சபை தான் வேரூன்றிய மாவட்டத்தைத் தாண்டி வேறு ஊருக்கோ வேறு மொழிக்கோ போயிருந்தால், அதன் பின்னால் ஒரு வெளிநாட்டுச் சங்கமும் அதன் பணப்பெட்டியும் இருந்தே தீரும் என்கிற கதை அது. நான் அதை மறுக்கிறேன். திருநெல்வேலிச் சீமையின் சபை வரலாறே அதற்கு எதிரான சாட்சி.

அந்தச் சபை உருவான விதத்தைப் பார்த்துவிட்டு மேலே போகலாம். பாளையங்கோட்டையில் முதல் புராட்டஸ்டண்டு கூட்டத்தைச் சேர்த்து வைத்தவர் ஒரு பெண். தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை. 1778-இல் ஜெர்மன் மிஷனெரி ஷ்வார்ட்ஸிடம் ஞானஸ்நானம் பெற்றுக் குளோரிந்தா ஆனவர். 1785-இல் அங்கே எழுந்த கோயில் அவர் முயற்சியில் வந்தது. அந்தச் சபையைக் கவனிக்க வந்த சத்தியநாதன் தமிழர். 1790-இல் குருப்பட்டம் பெற்றவர். சபையைப் பாளையங்கோட்டைக்கு வெளியே, செம்மண் தேரிக்கும் பனங்காட்டுக்கும் கொண்டுபோனவர் தாவீது சுந்தரானந்தம். ஊரைவிட்டுத் தஞ்சாவூருக்குப் போய், அங்கே கிறிஸ்தவராகி, பிறகு தன் சனங்களிடமே திரும்பி வந்தவர் அவர். கிறிஸ்தவர்களானதால் அடியும் உதையும் வாங்கிய குடும்பங்களுக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்று 1799-இல் முதலூர் உருவானது. தாவீது விஷம் வைத்துக் கொல்லப்பட்டார் என்பது இன்றளவும் சபை வழக்கு.

அடுத்து நடந்தது இன்னும் முக்கியமானது. ஷ்வார்ட்ஸ் 1798-இல் இறந்தார். அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் திருநெல்வேலியில் நிலையாகத் தங்கி ஊழியம் செய்த ஐரோப்பிய மிஷனெரி பெரும்பாலும் கிடையாது. எப்போதாவது ஒருவர் வந்தார், ஞானஸ்நானம் கொடுத்தார், போனார். 1816-இல் ராணுவக் குருவாக ஜேம்ஸ் ஹஃப் வந்து பார்த்தபோது ஊர் ஊராகக் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். மிஷனெரி ரேனியஸ் 1820-இல்தான் வருகிறார். இடைப்பட்ட காலத்தில் கொள்ளைநோயும் பாளையக்காரர் போர்களும் கடந்து போயின. சபை அழியவில்லை. ஓலைக்கூரையின் கீழ் ஜெபம் சொல்லிக்கொடுத்து, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, செத்தவர்களை அடக்கம் செய்து அதைக் காப்பாற்றி வைத்தவர்கள் உபதேசியார்கள். வெள்ளைக்காரன் காசுதான் சபையின் உயிர் என்றால், வெள்ளைக்காரன் பெரும்பாலும் இல்லாத அந்த இருபது ஆண்டுகளில் அது செத்திருக்க வேண்டாமா?

இதற்கு முன்பும் இதே கதைதான். தரங்கம்பாடியிலிருந்து தஞ்சாவூர் ராஜ்யத்துக்குள் போக டேனிஷ் மிஷனெரிகளுக்கு அனுமதி கிடைக்காத நாளில், உள்ளே சபையை வளர்த்தவர் ராஜநாயக்கன் என்கிற தஞ்சாவூர்ச் சிப்பாய். தமிழ்ப் புதிய ஏற்பாட்டைத் தானே வாசித்து மனம் திரும்பியவர். ஆரோன் 1733-இல் குருப்பட்டம் பெற்று, வெள்ளைக்காரர் நடக்காத பாதைகளில் நடந்தார். வரலாற்று நூல்களில் இவர்கள் 'உதவியாளர்கள்'. எல்லையைத் தாண்டியவரை உதவியாளர் என்றும் எல்லைக்குள் இருந்து கடிதம் எழுதியவரை மிஷனெரி என்றும் எழுதி வைத்திருக்கிறோம்.

நம்முடைய சபைகளுக்கு இன்று 'சொந்தக் கோட்டை' என்று சொல்லப்படும் பிரதேசங்கள் எப்படி வந்தன என்பதையும் கேட்க வேண்டும். கன்னியாகுமரி லண்டன் மிஷனுக்கு, திருநெல்வேலி ஆங்கிலிக்கன் சங்கங்களுக்கு, மதுரை அமெரிக்கருக்கு, தஞ்சாவூரும் திருச்சியும் லுத்தரன்களுக்கு, ஆற்காடு இன்னொரு அமெரிக்க மிஷனுக்கு. ஒருவர் வயலில் ஒருவர் நுழைவதில்லை என்று மிஷன் சங்கங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட பங்கீடு இது. ஆகவே வெள்ளைக்காரர்கள் செய்தது என்று அடித்துச் சொல்ல வேண்டுமென்றால் இந்த வேலிகளைத்தான் சொல்ல வேண்டும். வேலியைத் தாண்டியவர்கள் நம்மவர்கள். பனையேறிப் பிழைத்த குடும்பங்கள் சிவகாசிக்கும் மதுரைக்கும் இலங்கைக்கும் போனபோது ஜெபப்புத்தகத்தையும் கையோடு கொண்டுபோனார்கள். கண்டியைச் சுற்றிய காபித் தோட்டங்களின் லயங்களில் 1850-களிலிருந்து தமிழில் ஆராதனை நடத்தியவர்கள் திருநெல்வேலியிலிருந்து போன உபதேசியார்கள். தோட்டத் துரைமார் அந்த வேலைக்குச் சந்தா கொடுத்தார்கள் என்பது உண்மை. அட்டைக் கடியில் மலை ஏறி இறங்கியவர்கள் துரைமார் அல்ல.

கத்தோலிக்கர் பக்கம் இதே வேலியின் கதை இன்னும் பழமையானது. 2017-இல் ஓசூரைத் தலைமையிடமாகக் கொண்டு சீரோ மலபார் மறைமாவட்டம் அறிவிக்கப்பட்டபோது, 'கேரளத்துச் சபைக்குத் தமிழ்நாட்டில் என்ன வேலை' என்று லத்தீன் கத்தோலிக்கர்களிடையே முணுமுணுப்பு இருந்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சபை கேரளத்துக்குள் அடைபட்டது அதன் விருப்பத்தால் நடக்கவில்லை. மார்த்தோமா கிறிஸ்தவர்களின் பழைய மெத்ரோப்பொலித்தா இந்தியா முழுமைக்கும் உரிய பட்டத்தைத் தாங்கியிருந்தார். 1599-இல் உதயம்பேரூரில் கூட்டிய சங்கத்தின் வழியாகப் போர்த்துக்கீசியர் அந்தச் சபையைத் தங்கள் பிடிக்குள் கொண்டுவந்தார்கள். பின்னாளில் அதன் அதிகார எல்லை பாரதப்புழைக்கும் பம்பைக்கும் நடுவே சுருங்கியது. 1950-களின் நடுவில்தான் அது தளர்ந்தது. 1962-இல் மத்திய இந்தியாவின் சாந்தாவுக்குப் போனார்கள். ஓசூர் வரை வர மேலும் ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. ஓசூரிலும் சென்னையிலும் அந்தச் சபை பெரும்பாலும் குடியேறிய மலையாளிகளுக்குத்தான் பணி செய்கிறது, தமிழர்களைத் தேடி வரவில்லை என்கிற குறை நியாயமானது. அதைத் தாராளமாகச் சொல்லலாம். 'உன் எல்லைக்குள் இரு' என்று சொல்வதற்கு மட்டும் யாருக்கும் உரிமையில்லை. அந்த எல்லை போட்ட கை லிஸ்பனிலிருந்தும் ரோமிலிருந்தும் வந்த கை.

இனி தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல். சாத்தான்குளம் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, பட்டம் பெறாமலே வெளியேறி, ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகத் தென்னிந்தியா முழுக்கச் சுற்றியவர். 1902-இல் யாழ்ப்பாணம் போனார். அங்கே கண்டது அவரை வெட்கப்பட வைத்தது. யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவர்கள் தாங்களே காசு சேர்த்து, கடலுக்கு இக்கரையில் தொண்டியில் ஓர் ஊழியத்தைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். சின்னஞ்சிறு யாழ்ப்பாணம் இந்தியாவுக்கு மிஷனெரி அனுப்புகிறது. எண்ணிக்கையில் அதைவிடப் பல மடங்கு பெரிய திருநெல்வேலிச் சபையோ தன் சொந்தக் காசில் மிஷனெரி என்று யாரையும் அனுப்பியதில்லை. அந்த வெட்கத்திலிருந்து 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் பிறந்தது இந்திய மிஷனெரி சங்கம். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்று மூன்றே மூன்று விதிகள். 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கியபோதும் அசரியா அதில் இருந்தார். சேலத்து கே.டி. பால் உடன் இருந்தார். வங்கப் பிரிவினையின் கொதிப்பில் சுதேசி இயக்கம் எழுந்த ஆண்டு அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்நியத் துணி வேண்டாம் என்று நாடு சொன்ன நாளில், அந்நியக் காசு வேண்டாம் என்று இவர்கள் சொன்னார்கள்.

இந்தியப் பணம் என்றால் பெரிய மனிதர்களின் பணம் என்று நினைக்கக் கூடாது. தென்மாவட்டத்துக் கிறிஸ்தவ ஊர்களில் காணிக்கை சேரும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் புரியும். உலை வைக்கும்போது கழுவப் போகிற அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். பஞ்ச நாளிலும் அந்தக் கைப்பிடி குறைவதில்லை. அந்த அரிசி கோயிலுக்குப் போய்ப் படிக்கணக்கில் விலையாகும். ஸ்தோத்திரப் பண்டிகையில் விளைச்சலின் முதல் பலனைக் கோயில் முற்றத்தில் கொண்டுவந்து குவிப்பார்கள். கருப்பட்டிச் சிப்பம், வாழைத்தார், காலில் கயிறு கட்டிய சேவல், ஒரு கட்டு முருங்கைக்காய். ஏலம் விடுகிறவர் ஒருதரம், ரெண்டுதரம் என்று நீட்டி முழக்க, ஒருவர் விலைக்கு மேல் விலை வைத்து அந்த வாழைத்தாரை எடுப்பார். எடுத்த கையோடு 'கோயிலுக்கே இருக்கட்டும்' என்று திருப்பிக் கொடுப்பார். அதே தார் மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரே தார் மூன்று தடவை விற்பதும் உண்டு. தெலுங்கு நாட்டுக்கு மிஷனெரி அனுப்புவோம் என்று துணிந்த சங்கத்துக்கு நம்பிக்கை கொடுத்தது இப்படிக் கொடுத்துப் பழகிய சனங்கள். 'அந்நிய நிதி' என்று கணக்கெழுத அதில் என்ன இருக்கிறது?

சங்கத்தின் ஆட்கள் போன இடம் நிஜாமின் ஹைதராபாத் ராஜ்யம். 1909-இல் அசரியாவும் அங்குள்ள தோர்ணக்கல்லுக்குக் குடிபெயர்ந்தார். சென்னையில் இருந்த செல்வாக்கான வேலையை விட்டுவிட்டு, முப்பத்தைந்து வயதில் தெலுங்கு படிக்க உட்கார்ந்தார். முதலில் கூடாரத்தில்தான் வாசம். பிறகு மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் ஊர் ஊராகப் போனார். மனைவி அன்பு அம்மாள் பெண்கள் நடுவே வேலை செய்தார். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கும்தான் ஏழையின் எதிரிகள் என்று அசரியா ஓயாமல் பேசினார். ஞானஸ்நானம் பெறுகிறவர் தலையில் தன் கையையே வைத்துக்கொண்டு, சுவிசேஷத்தைச் சொல்லாமலிருந்தால் தனக்குக் கேடு என்ற பொருளில் பவுல் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். வாங்குகிறவன் அன்றே கொடுக்கிறவனாக வேண்டும் என்பது அதன் கருத்து. 1912 டிசம்பரில் கல்கத்தாவில் அவருக்கு அத்தியட்சர் (பிஷப்) பட்டம் கொடுக்கப்பட்டது. ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்திய அத்தியட்சர் அவர்தான். ஒரு 'நேட்டிவ்' கையில் வெள்ளைக்காரப் போதகர்களை ஒப்படைப்பதா என்று மிஷனெரிகள் பலர் எதிர்த்தார்கள். அதற்கு இரண்டாண்டு முன்பே 1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டு மேடையில் நின்று, உங்கள் தியாகத்தை ஒப்புக்கொள்கிறோம், ஆனால் எங்களைச் சமமாக உட்கார வைத்து நட்புக் கொள்ள உங்களால் முடியவில்லையே என்று முகத்துக்கு நேரே சொன்னவர் அவர். வெள்ளைக்காரரின் கையாள் பேசுகிற பேச்சா இது?

1912-இல் சுமார் 56 ஆயிரம் பேராக இருந்த அவருடைய தோர்ணக்கல் திருமண்டலம் 1941-இல் 2 லட்சத்து 25 ஆயிரத்தைத் தொட்டது. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தெலுங்கு நாட்டின் ஒடுக்கப்பட்ட சாதியினரான மாலர், மாதிகர். இங்கே எதிர்வாதத்தை முழுசாகக் கேட்க வேண்டும். தோர்ணக்கல் திருமண்டலம் முழுவதும் பாளையங்கோட்டைக் காசில் நடந்ததா? நடக்கவில்லை. எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். ஆகிய ஆங்கிலச் சங்கங்களின் வயல்கள் அதோடு சேர்க்கப்பட்டபோது அவற்றின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் பணமும் சேர்ந்தே வந்தன. சென்னை அத்தியட்சர் வைட்ஹெட்டின் ஆதரவு இல்லாமல் அசரியா அத்தியட்சர் ஆகியிருக்க மாட்டார். ஷெர்வுட் எடி என்கிற அமெரிக்க நண்பர் ஆரம்பத்திலிருந்தே துணை நின்றார். இதில் எதையும் மறைக்கத் தேவையில்லை. பணம் வந்தது. ஆனால் பணம் எல்லா மிஷன் வயலுக்கும் வந்தது, எல்லா இடத்திலும் சபை இப்படிப் பெருகவில்லை. பெருகிய இடங்களைத் தேடிப் பார்த்தால், உள்ளூர் மொழியில் பேசிக்கொண்டு சேரிக்குள் நுழைந்து, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே படுத்து எழுந்த கிராம உபதேசியார்தான் நிற்கிறார்.

'அரிசிக் கிறிஸ்தவர்கள்' என்கிற ஏளனமும் இதே ரகம். தெலுங்கு நாட்டை வைத்தே இதற்குப் பதில் சொல்லலாம். ஓங்கோலில் பாப்டிஸ்டு மிஷனெரி ஜான் கிளவ் 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்பதைப் பஞ்சகாலத்தில் சோறு போட்டு மாற்றியதற்கு அத்தாட்சியாகக் காட்டுவார்கள். நடந்தது வேறு. அந்த இயக்கத்தின் விதை, எர்ரகுண்ட்ல பெரய்யா என்கிற மாதிகத் தோல் வியாபாரி. பஞ்சத்துக்குப் பத்தாண்டு முன்பே, 1866-இல் ஞானஸ்நானம் பெற்று, தன் உறவுகளுக்கெல்லாம் சொல்லி வந்தவர். பஞ்சம் வந்தபோது கிளவ் பக்கிங்ஹாம் கால்வாயில் ஒரு பகுதியை ஒப்பந்தம் எடுத்துச் சனங்களுக்கு வேலை கொடுத்தார். நிவாரணம் நடந்த மாதங்கள் முழுக்க ஞானஸ்நானத்தை நிறுத்தி வைத்திருந்தார். வேலை முடிந்து, கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்ற நிலை வந்த பிறகும் கூட்டம் கலையவில்லை. அப்போதுதான் குண்டலகம்மா ஆற்றங்கரையில் அந்த ஞானஸ்நானம் நடந்தது. வயிற்றுக்காக வந்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள். பசித்தவன் சோறு கிடைக்கும் திசையில் நடப்பதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கும்பிடுகிற தெய்வத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் அறிவு மாதிகனுக்குக் கிடையாது, யாரோ விலை கொடுத்துத்தான் அவனை வாங்கியிருக்க வேண்டும் என்கிற எண்ணம் இருக்கிறதே, அது சாதியின் எண்ணம். வரலாறு என்ற பெயரில் அதை நடமாட விடக்கூடாது.

இன்னொரு கேள்வி இதைவிடக் கூர்மையானது, அதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனது உள்ளவர்கள். வெள்ளைக்காரன் நமக்குச் செய்ததைத்தானே தமிழர்கள் தெலுங்கருக்கும், இன்று பீகாருக்கும் குஜராத்தின் மலைகளுக்கும் போகிற தென்னாட்டு மிஷனெரிகள் அங்கே உள்ளவர்களுக்கும் செய்கிறார்கள் என்பது அந்தக் கேள்வி. இது சும்மா தள்ளிவிடக் கூடியது அல்ல. போன இடத்துச் சனங்களின் பாட்டையும் கூத்தையும் பேய் என்று ஒதுக்கிய தமிழ் ஊழியர்கள் உண்டு. கற்றுக்கொடுக்க வந்தவர் என்கிற தோரணையை இறக்கி வைக்காதவர்களும் உண்டு. ஆனாலும் ஆட்சியும் துப்பாக்கியும் பின்னால் நிற்கப் போகிறவனும், போன இடத்தில் அங்குள்ளவர்களைப் போலவே பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிறவனும் ஒன்றல்ல. பொறுப்பை யார் கையில் விட்டுவிட்டுத் திரும்பினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அசரியா காலத்திலேயே தோர்ணக்கல்லின் போதகர்கள் பெரும்பாலும் தெலுங்கர்கள் ஆகிவிட்டார்கள். 1939 ஜனவரியில் அங்கே பிரதிஷ்டையான பேராலயத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்துக் கோயிலின் தூண்களும் இஸ்லாமியக் குவிமாடங்களும் சேர்ந்த கட்டடம் அது. லண்டனைப் பார்த்துக் கட்டியது இல்லை, பாளையங்கோட்டையைப் பார்த்துக் கட்டியதும் இல்லை. சிறுபான்மையினருக்குத் தனித்தொகுதி என்ற பேச்சு வந்தபோது, கிறிஸ்தவர்களுக்கு அது வேண்டாம் என்று அசரியா எதிர்த்து நின்றதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நாட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு போகத் திட்டமிட்டவர் சொல்கிற சொல்லா அது?

திருநெல்வேலி விதிவிலக்கு என்று யாராவது சொன்னால், மிசோரம் இருக்கிறது. 1894-இல் இரண்டு வெள்ளை மிஷனெரிகள் வந்து எழுத்தைக் கொடுத்த மலை அது. அங்கும் பெண்கள் சமைக்கும்போதெல்லாம் கைப்பிடி அரிசியை எடுத்து வைத்துச் சபைக்குக் கொடுத்தார்கள். 1960-களின் இறுதியில் வெளிநாட்டு மிஷனெரிகள் மிசோரமை விட்டு வெளியேற வேண்டிவந்தது. மிசோ சபை சுருங்கிப் போகவில்லை. இன்று இந்தியாவின் பல மாநிலங்களில் மிசோ மிஷனெரிகள் இருக்கிறார்கள். 1920-களில் கொழும்பில் கேரளத்திலிருந்து வந்த ராமன்குட்டி பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்து மிஷனையும் சொல்லலாம். எந்த மேலைநாட்டு மிஷன் போர்டும் அதைப் பெற்று வளர்க்கவில்லை. ஊழியர்களுக்குச் சம்பளம் கிடையாது. விசுவாச வீட்டில் கூட்டாகத் தங்கி, வருகிற காணிக்கையில் சாப்பிடுகிறவர்கள். அங்கிருந்து கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தது, சென்னைப் பக்கத்து இரும்புலியூரில் நிலைகொண்டது, பிறகு உலகின் பல நாடுகளுக்கும் போனது. அவர்களுடைய உபதேசங்கள் பலவற்றை நான் ஏற்கவில்லை. மருத்துவத்தை ஒதுக்கும் அவர்கள் போக்கால் வீடுகளில் துன்பம் விளைந்திருக்கிறது. ஆனாலும் இலங்கையிலிருந்து வெள்ளைக்காரர் நாடுகளுக்கே மிஷனெரி போன அந்த வரலாற்றை 'வெள்ளைக்காரன் காசு' என்ற சூத்திரத்துக்குள் எப்படி அடைப்பீர்கள்?

எதிரிகள் இந்த வரலாற்றை மறைப்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. சபையே மறைப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒவ்வொரு சேகரத்திலும் நூற்றாண்டு விழா, நூற்றைம்பதாவது ஆண்டு விழா என்று மலர் போடுகிறார்கள். முதல் பக்கங்களில் தாடி வைத்த வெள்ளை மிஷனெரியின் படம், அடுத்து இன்றைய பொறுப்பாளர்களின் வாழ்த்துச் செய்திகள், அதற்கப்புறம் விளம்பரங்கள். அந்த ஊரில் முதன்முதலில் ஜெபம் சொன்ன உபதேசியாரின் பெயர் எங்கோ ஒரு மூலையில் 'மற்றும் பலர்' என்பதற்குள் கிடக்கும். அவருக்குப் பின்னால் போனவர்களும் அவரை அனுப்பிய பெண்களும் அந்த மூலையிலும் இல்லை. திருமண்டலத் தேர்தலில் எந்தச் சாதிக்கு எத்தனை ஓட்டு என்று எண்ணத் தெரிந்த நமக்கு, சாதியைத் தாண்டி மாலர் சேரியில் போய்ச் சாப்பிட்டவர்களின் பெயரை எண்ணத் தெரியவில்லை. வெள்ளாளன்விளையிலிருந்து போனவரையே வெள்ளாளன்விளைக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்? கல்லறைப் பதிவேடுகள் இன்னும் பல கோயில்களில் இருக்கின்றன, ஞானஸ்நானப் புத்தகங்களும் இருக்கின்றன. உபதேசியார்களின் கையெழுத்து அவற்றில் ஒவ்வொரு பக்கத்திலும் உண்டு. அடுத்த மலர் போடப் போகிற சேகரக் கமிட்டியார் அந்தப் பெயர்களை எடுத்து, ஊரும் தகப்பன் பெயருமாக, முதல் பக்கத்திலேயே அச்சிடட்டும்.